விடிவதற்குள் கணக்கு

நாடகக் கம்பெனி நொடிக்கப் போகிறது என்பது ராஜபார்ட்டுக்குத் தெரிவதற்கு முன்பே சமையல்காரருக்குத் தெரிந்துவிடும். மளிகைக் கடையில் பழைய பாக்கியைக் கேட்டு, புதுச் சிட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்றே அவருக்கு விஷயம் விளங்கிவிடும். அடுத்து சீன் ஆட்களுக்குத் தெரியும். படுதா ஏற்றி இறக்குபவர், காஸ் விளக்குக்குக் காற்றடிப்பவர், மாட்டுவண்டியில் மேளம் கொட்டி நோட்டீஸ் வீசுபவர் என்று கம்பெனியோடு ஊர் ஊராகப் போகிற இந்தக் கூட்டத்துக்கு மேடையிலும் பெயர் கிடையாது, விளம்பரத்திலும் பெயர் கிடையாது. சம்பளம் கேட்டால் மானேஜர் சொல்லும் பதில் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான்: அடுத்த முகாமில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்த அடுத்த முகாம் வராமலே போனதும் உண்டு.

தமிழ் நாடகத்தின் வரலாறு வாத்தியார்களின் வரலாறாகவும் நட்சத்திரங்களின் வரலாறாகவும் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. கூலியின் வரலாறாக அதைப் படித்தவர்கள் குறைவு. அப்படிப் படிப்பதற்கு மதுரையும் சென்னையும்தான் வேண்டும் என்பதில்லை. கம்பெனிகள் வந்து இறங்கிய சிறு ஊர்களின் பக்கம் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சேத்தூர் அப்படிப்பட்ட ஊர்.

ராஜபாளையத்திலிருந்து மலையை வலப்புறம் வைத்துக்கொண்டு செங்கோட்டைச் சாலையில் தெற்கே போனால் சேத்தூர் வரும். சேற்றூர் என்று எழுதுவதும் உண்டு. பாளையமாக இருந்து பிறகு ஜமீனான ஊர். 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் முழுதும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. சேத்தூர் ஜமீனுக்குத் தமிழ்ப் பற்று அதிகம். பக்கத்து முகவூரைச் சேர்ந்த இராமசாமிக் கவிராயரும் அவர் மக்கள் அருணாசலக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் ஆகியோரும் சேற்றூர் சமஸ்தான வித்துவான்கள் என்றே தமிழ்ப் புலவர் உலகில் அறியப்பட்டார்கள்.

சமஸ்தானப் புலவருக்கு அரண்மனையில் ஓர் இடம் இருந்தது, பட்டம் இருந்தது, அவர் யாரை நம்பி வாழ்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். திருவிழாவுக்கு வந்த நாடகக்காரருக்கு இது எதுவும் இல்லை. ஊர் அவரைப் பார்க்கும், பேசியவர் வேறு ஒருவர், பணத்தை வாங்குபவர் இன்னொருவர். கலைஞனுக்கும் அவனுக்குக் காசு கொடுப்பவனுக்கும் நடுவில் ஒரு மூன்றாம் கை முளைத்த பிறகுதான் இந்தக் கதையே தொடங்குகிறது.

அந்த மூன்றாம் கைக்கு ரயில் நன்றாகவே துணை செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சிக் கம்பெனிகள் பம்பாயிலிருந்து கிளம்பி ரங்கூன்வரை போய் ஆடின. சீனும் திரையும் டிக்கெட்டும் கொட்டகையும் கொண்ட அந்த மாதிரி தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1927-இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை திறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் சங்கரன்கோவிலும் ஒரே கம்பியில் கோத்ததுபோல் ஆயின. சேத்தூருக்கு அந்த யோகம் இல்லை. ராஜபாளையம் தாண்டியதும் ரயில் சங்கரன்கோவில் பக்கம் திரும்பிவிடும். சேத்தூரில் ஆட வேண்டும் என்றால் ராஜபாளையத்தில் இறங்கி, பெட்டிகளை வண்டியில் ஏற்ற வேண்டும். வண்டிச் சத்தம் யார் கணக்கில் என்பதிலிருந்தே தகராறு ஆரம்பித்துவிடும்.

கம்பெனிக் கணக்கு இப்படித்தான் ஓடியது. முதலாளி ஒருவரோ பங்காளிகள் சிலரோ சேர்ந்து சீன், உடுப்பு, பெட்டிகளுக்கு முதல் போடுவார்கள். ஓர் ஊருக்கு வந்தால் உள்ளூர்க் காண்ட்ராக்டர் ஒருவர் நாடகத்துக்கு இவ்வளவு என்று பேசி, வசூலைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வதும் உண்டு. கொட்டகை நிரம்பினால் லாபம் அவருக்கு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு கீற்றுக் கூரை ஒழுக ஆரம்பித்தால், காண்ட்ராக்டர் கொஞ்ச நாள் கண்ணில் படுவார், பிறகு படமாட்டார். வீட்டு வாடகை, அரிசி பாக்கி, கொட்டகைச் செலவு எல்லாம் கம்பெனியின் தலையில் விழும். கடன்காரர்கள் பெட்டியின்மேல் கை வைப்பார்கள். ராமாயண உடுப்பு அடகில் இருக்கும்போது அடுத்த ஊரில் ராமாயணம் போட முடியாது. நாடகம் போடாமல் அடகை மீட்கவும் முடியாது.

இந்தச் சுழலில் எந்தக் கடனைக் கடைசியாக அடைப்பது என்பதில் மட்டும் கம்பெனிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அரிசிக் கடைக்காரர் வாசலில் வந்து சத்தம் போடுவார். கொட்டகைச் சொந்தக்காரர் பூட்டுப் போடுவார். படுதா இழுப்பவர் என்ன செய்வார்? மூன்று வேளை சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே, ஊருக்குத் திரும்ப டிக்கெட்டுக்குக் காசில்லை. வேலையை விட்டுப் போனால் பழைய பாக்கியும் போயிற்று. பாக்கி வைப்பதே ஆளைக் கட்டிவைக்கும் கயிறு என்பதை நேர்மையில்லாத மானேஜர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால் பிள்ளைகளுக்கு? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களை வைத்துக் கம்பெனி நடத்தும் முறையை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர். 1910-இல் அவருடைய சமரச சன்மார்க்க நாடக சபா. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. வளர்ந்த நடிகர்கள் குடித்துவிட்டு வருகிறார்கள், சொன்ன பாட்டைப் பாடாமல் மனம்போனபடி பாடுகிறார்கள், பாதியில் கம்பி நீட்டுகிறார்கள் என்ற சலிப்பு அவருக்கு இருந்தது. பிள்ளைகள் சொன்னதைக் கேட்பார்கள். கலை நோக்கில் அவர் எண்ணம் பலித்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயர் பெற்ற தி.க. சண்முகம் சகோதரர்கள் அந்தச் சபாவில் தயாரானவர்கள். ஆனால் சொன்னதைக் கேட்கும் பிள்ளை, கொடுத்ததையும் வாங்கிக்கொள்வான் என்பது சுவாமிகளைப் போன்ற கலைஞர்களுக்கு இல்லாவிட்டாலும், அவருக்குப் பின்னால் பாய்ஸ் கம்பெனி தொடங்கிய பலருக்கு உடனே புரிந்துவிட்டது.

ஒப்பந்தத்தில் தகப்பனாரோ காப்பாளரோ கையெழுத்துப் போடுவார். ஆண்டுக் கணக்கில் பையன் கம்பெனியை விட்டுப் போகக்கூடாது. சாப்பாடு, துணி, பாட்டு, பிரம்படி எல்லாம் கம்பெனி பொறுப்பு. சம்பளம் என்று ஒரு சிறு தொகை ஏட்டில் இருக்கும். குடும்பத்துக்குப் போகும், அல்லது போவதாகச் சொல்லப்படும். பையன் கையில் அதைப் பார்ப்பது அபூர்வம். சிவாஜி கணேசன் தம்மை அனாதை என்று சொல்லிக்கொண்டுதான் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு பல ஆண்டுகள் வீட்டு முகம் பார்க்கவில்லை. நடிப்பைக் கற்றுக்கொடுத்த இடம் என்று அவர் கடைசிவரை நன்றியோடுதான் பேசினார். அந்த நன்றியும் உண்மை, வாசலில் போட்டிருந்த பூட்டும் உண்மை. எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்ரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனதற்குக் கலைத்தாகம் காரணமல்ல, வீட்டுப் பசிதான் காரணம்.

பையனுக்குக் குரல் உடையும் நாள் வரும். நாடகக்காரர்கள் அதை மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை கொட்டகையைக் கட்டிப்போட்ட ஸ்திரீபார்ட், இன்று வாயைத் திறந்தால் கரகரக்கும். பி.யு. சின்னப்பா போன்ற பெரிய பாடகருக்கே அந்தக் கண்டம் வந்தது. சின்னப்பா மீண்டு வந்தார். மீளாத பையன்கள் சீன் தூக்கப் போனார்கள், சமையற்கட்டுக்குப் போனார்கள், வீட்டுக்கும் போனார்கள். கம்பெனியில் கழித்த ஐந்தாறு வருஷத்துக்கு அவர்களிடம் காட்டச் சீட்டு எதுவும் இல்லை.

சட்டம் யார் பக்கம் இருந்தது? 1859-இல் வந்த 13-ஆம் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போன தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, வேலைக்குத் திரும்பச் சொல்லவோ மூன்று மாதம்வரை சிறைக்கு அனுப்பவோ இடம் கொடுத்தது. சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு அதே சட்டத்தில் சிறை இல்லை. கைவினைஞர், கூலியாளுக்காக எழுதப்பட்ட சட்டம் அது. நடிகர் அதற்குள் வருவாரா என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய சங்கதி. ஆனால் அட்வான்ஸ் வாங்கினவன் ஓடினால் குற்றவாளி, அட்வான்ஸ் கொடுத்தவன் மிச்சத்தைக் கொடுக்காவிட்டால் வெறும் பாக்கிக்காரன் என்ற எண்ணம் அந்தக் காலத்துக் காற்றிலேயே கலந்திருந்தது. 1925-இல்தான் அந்தச் சட்டத்தை நீக்க இன்னொரு சட்டம் வந்தது.

அதே 1925-இல் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை நடந்தது. நடிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், வசூலை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக மறைந்துவிடும் போலி மானேஜர்கள் அங்கே அவ்வளவு பெருகியிருந்தார்கள். அவர்களை ஒடுக்குவதற்கென்றே பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. நாடகக்காரர்களை வேலைக்கு வைப்பவர் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், வெளியூரில் அவர்களை அநாதரவாக விட்டுவிட்டுப் போனால் தண்டனை. அமெரிக்காவில் நடிகர்கள் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1913-இல் சங்கம் வைத்தார்கள். 1919 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்து ஒரு மாதம் நியூயார்க் கொட்டகைகளை இருளில் போட்டார்கள். சம்பளத்துக்கு ஈடாக முதலாளி முன்கூட்டியே பணம் கட்டிவைக்க வேண்டும் என்ற ஏற்பாடு பின்னாளில் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் வந்தது.

தமிழ்நாட்டில் நாடகக் கூலிக்கென்று அப்படி ஒரு சட்டமும் வரவில்லை, அப்படி ஒரு வேலைநிறுத்தமும் நடக்கவில்லை. வந்தது ஸ்பெஷல் நாடகம்.

ஸ்பெஷல் நாடகத்தைக் கலை வடிவமாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் கெட்டிக்காரத்தனத்தில் பாதியைத் தவறவிடுகிறார்கள். அதில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பல தாளக் கருவிகளை ஒருவராகவே வாசிக்கும் ஆல்ரவுண்டுக்காரரும் தனித்தனியாக வந்து சேர்வார்கள். ஒத்திகை இல்லை. ஒருவரையொருவர் அன்றுதான் பார்ப்பவர்கள்கூட உண்டு. இரவு பத்து மணிவாக்கில் பபூன் காமிக் தொடங்கும், டான்ஸ் வரும், பிறகு வள்ளி திருமணமோ பவளக்கொடியோ விடியவிடிய நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த வசனமும் பாட்டும் எல்லார் வாயிலும் இருப்பதால்தான் இது முடிகிறது. சொன்ன பேச்சைக் கேட்காத நடிகர்களால் சலித்துப் பிள்ளைகளிடம் போன அதே சுவாமிகளின் பாட்டுகளை வைத்துக்கொண்டு, அந்த நடிகர்கள் முதலாளியே இல்லாத நாடகத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.

கூலி முறையும் அடியோடு மாறியது. மாதச் சம்பளம் போய் ராச்சம்பளம் வந்தது. தேதி கேட்டு வருபவர் முன்பணம் கொடுத்தால்தான் தேதி. மிச்சம் அன்று இரவே. பேசிய தொகை கைக்கு வராமல் முகத்தில் பவுடர் ஏற்றமாட்டேன் என்று முரண்டு பிடிப்பவர்களை இன்றைக்கும் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் திமிர் என்பார்கள். இரண்டு தலைமுறை ஏமாந்ததில் கற்றுக்கொண்ட பாடம் அது.

கே.பி. ஜானகி அம்மாளின் வாழ்க்கையில் இந்த மாற்றம் அப்படியே தெரியும். சிறுமியாக ஒரு பாய்ஸ் கம்பெனியில் மாதம் 25 ரூபாய்க்குச் சேர்ந்தவர், பிறகு ஸ்பெஷல் நாடக மேடையில் பெயர் பெற்ற நடிகையானார். அங்கிருந்து கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போய், 1967-இல் மதுரையிலிருந்து சட்டமன்றத்துக்கும் போனார். கூலித் தகராறு என்றால் என்ன என்று யாரும் அவருக்குப் பாடம் எடுத்திருக்கத் தேவையில்லை.

ஜானகி அம்மாள் சேர்ந்து நடித்த பெரிய ராஜபார்ட், சேத்தூருக்குக் கிழக்கே இருக்கும் சிவகாசியில் பிறந்த எஸ்.எஸ். விசுவநாததாஸ் (1886–1940). மருத்துவர் (நாவிதர்) சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். முருகன் வேடத்தில் நின்று தேசியப் பாட்டு பாடுவார். போலீஸ் ஓரத்தில் வாரண்டோடு காத்திருக்கும். பலமுறை சிறைக்குப் போனார். தியாகத்தைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. வரவு செலவையும் கொஞ்சம் பார்க்கலாம். ராச்சம்பளக்காரர் சிறையில் இருக்கும் ஒவ்வொரு ராத்திரியும் வருமானம் இல்லாத ராத்திரி. அவர் வராததால் ரத்தாகும் ஒவ்வொரு தேதியும் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி. அவரோடு வரவேண்டிய பக்கவாத்தியக்காரருக்கும் அன்று அடுப்பு எரியாது. மாதச் சம்பளக் கம்பெனியில் முதலாளி ஏமாற்றினால்தான் பட்டினி. ராச்சம்பளத்திலோ யாரும் ஏமாற்றாமலே பட்டினி வரும். விசுவநாததாஸ் கடனில் மூழ்கினார், திருமங்கலத்து வீடு அடமானத்தில் போனது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமண மேடையில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோது உயிர் போயிற்று. முருகன் வேடத்தோடே இறுதி ஊர்வலம் நடந்தது.

விசுவநாததாஸ் உட்பட அந்தக் காலத்து மேடைக்கெல்லாம் பாட்டு எழுதிக் கொடுத்த மதுரை பாஸ்கரதாஸ் (1892–1952) முப்பது வருஷத்துக்கு மேல் நாட்குறிப்பு எழுதினார். அவருடைய பேரன், நாடகக்காரர் முருகபூபதி, அதைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். பயணம், சந்திப்பு, பாட்டு, பணம் என்று அன்றாடம் எழுதிய குறிப்புகள். நாடக உலகின் மகத்துவத்தைத் தேடிப் போகிறவர் கையில் வரவு செலவு தட்டுப்படும். அந்தக் காலத்து மேடையைப் பற்றி இதைவிட நேர்மையான சாட்சி வேண்டுமா என்று தோன்றும்.

இதற்கிடையில் சினிமா பேச ஆரம்பித்துவிட்டது. 1931-இல் காளிதாஸ். 1935-இல் நந்தனாரில் நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய். அதே ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் மேனகா படமாயிற்று. கம்பெனி முதலாளிகள் ஸ்டுடியோ வாசலில் நின்றார்கள். நடிகர்களில் கொடுத்துவைத்தவர்கள் உள்ளே போனார்கள். சீன் ஆட்களில் தச்சு வேலையும் பெயிண்ட் வேலையும் தெரிந்தவர்களுக்கு அங்கே இடம் இருந்தது. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று எந்த சுயசரிதையிலும் இல்லை. தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' போன்ற விரிவான நூலைப் படித்தால்கூட, கம்பெனியின் கஷ்ட காலம் முதலாளியின் கவலையாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. அந்தச் சகோதரர்கள் தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்கள், நேர்மைக்குப் பெயர் பெற்றவர்கள். அவர்கள் எழுதியதாவது கிடைத்தது. மோசம் செய்த மானேஜர் யாரும் சுயசரிதை எழுதவில்லை.

இன்றைக்குச் சேத்தூர், தேவதானம் பக்கத்துக் கோயில் ஒன்றின் கொடைக்கு நாடகம் வைக்க வேண்டும் என்றால் கமிட்டி தலைக்கட்டு வரி பிரிக்கும். யாராவது இரண்டு பேர் மதுரைக்குப் பஸ் ஏறுவார்கள். சுண்ணாம்புக்காரத் தெரு வட்டாரத்தில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. ஏஜெண்டுகள் டைரியும் நோட்டீஸ் மாதிரிகளுமாக இருக்கிறார்கள். யார் ராஜபார்ட், யார் பபூன் என்று பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்தால், ஒவ்வொரு நடிகர் படத்தோடும் நோட்டீஸ் அச்சாகும். சொன்னபடி வராத நடிகர்மேலும், பேசியபடி கொடுக்காத ஏஜெண்டுமேலும் சங்கத்தில் பிராது கொடுக்கலாம். மதுரையில் மட்டுமல்ல, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி என்று பல ஊர்களில் இப்படிச் சங்கங்கள் உண்டு. தொழிலாளர் கோர்ட்டுக்குப் போகாமலே தீர்ந்த வழக்குகள் அங்கே ஏராளம்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. சீன் செட்டும் மைக் செட்டும் விளக்கும் தனி வாடகை. அதன் சொந்தக்காரரோடு கமிட்டி பேசும், சொந்தக்காரர் தன் ஆட்களோடு பேசுவார். படுதா இழுக்கிற பையனுக்கு நடிகர் சங்கத்தில் இடம் இல்லை, நோட்டீஸில் படம் இல்லை, பிராது கொடுக்க வாசலும் இல்லை. கம்பெனிக் காலத்தில் அவன் நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறான். கரகாட்டம், நையாண்டி மேளம் என்று சங்கரன்கோவில், கழுகுமலைப் பக்கத்துக் குழுக்களில் கதை இன்னும் சிக்கல். கமிட்டியிடம் ஏஜெண்ட் பேசிய தொகை ஒன்று, தவில்காரரிடம் சொன்ன தொகை வேறு. நடுவில் எவ்வளவு நின்றது என்பது இருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் கெட்ட ஏஜெண்டின் தொழில் நுட்பம். நல்ல ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள். கமிட்டி கையை விரித்த இரவில் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் தொழில் ஓடுகிறது. ஆனால் ஒரு தொழில் ஆளின் குணத்தை நம்பி ஓடுவது பெருமைப்படத்தக்க விஷயமா என்பதை ஏஜெண்டுகளே சொல்லட்டும்.

2007-இல் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைத்தது. அடையாள அட்டை, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்துக்கு உதவி என்று அதனால் நன்மைகள் உண்டு. சம்பள பாக்கியை வசூலித்துத் தருவது அதன் வேலையில் இல்லை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பங்குனிப் பொங்கல் காலம். சித்திரை, வைகாசி, ஆடி என்று அடுக்கடுக்காக வரவேண்டிய தேதிகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கேட்ட கமிட்டிகளும் உண்டு, கலைஞர் கையிலேயே இருக்கட்டும், அடுத்த வருஷம் வந்து ஆடிக் கொடுங்கள் என்று விட்ட கமிட்டிகளும் உண்டு. எந்தக் காகிதமும் இல்லாத தொழிலில் இரண்டுக்கும் ஆதாரம் ஏஜெண்ட் டைரியில் எழுதியிருந்த ஒரு வரிதான்.

இப்போது அட்வான்ஸ் பெரும்பாலும் கைப்பேசியில் வந்துவிடுகிறது. அதற்காவது தேதியும் தொகையும் பதிவாகிறது என்று மூத்த நடிகர்கள் ஆறுதல்பட்டுக்கொள்கிறார்கள். மீதியைக் கமிட்டிக்காரர் விடியற்காலையில் ரொக்கமாகவே எண்ணுகிறார், பபூனுக்கும் ஆர்மோனியத்துக்கும் தனித்தனியாக. சீன் செட்டுக்காரர் தன் ஆட்களுக்கு லாரியில் பெட்டி ஏற்றி முடித்த பிறகுதான் கொடுப்பார்.